அரசியல் நிர்ணய சபைப் பெண்கள் ஒதுக்கீடு வேண்டாம் என்றது பிழையா?

குறிஞ்சி:
1946 டிசம்பர் 19 அன்று உறுப்பினர் ஹன்சா மேத்தா, பெண்களுக்கு ஒதுக்கிய இடங்களை நாங்கள் கேட்டதே இல்லை என்று அரசியல் சட்டம் எழுதிய அந்தச் சபையில் பேசினார். அடுத்த ஜூலையில் இன்னொரு உறுப்பினர் ரேணுகா ராயும் அதே பேச்சு. விளைவு? 1952 மக்களவையில் பெண்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவுதான். கைக்கு வந்ததைத் தாங்களே தட்டிவிட்டார்கள்.

பழைய கெஜட்:
தட்டிவிட்டது எதை என்று பாருங்கள். பிரிட்டிஷ் ஆட்சியின் 1935 இந்திய அரசுச் சட்டம் சென்னைச் சட்டமன்றத்தின் 215 இடங்களில் எட்டைப் பெண்களுக்குக் கொடுத்தது. அந்த எட்டையும் பொது, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று கூறு போட்டது. பெண்கள் அமைப்புகள் கேட்டதோ வயது வந்த எல்லோருக்கும் வாக்கு. கிடைத்தது சொத்து, படிப்பு, வரி கட்டுபவரின் மனைவி என்ற தகுதிகள். நாடு பிளக்கும் நேரத்தில் ஒதுக்கீடு என்றாலே, ஒவ்வொரு பிரிவாரும் தங்களுக்குள் மட்டும் வாக்களிக்கும் தனி வாக்காளர் தொகுதிதான் எல்லோர் கண்ணிலும் பட்டது. சபையின் தலித் பெண் உறுப்பினர் தாட்சாயணி வேலாயுதன் தலித் மக்களுக்கே அதை வேண்டாம் என்றவர்.

குறிஞ்சி:
சரி, இவர்கள் சபைக்கு வந்த வழி எது? மாகாணச் சட்டமன்ற உறுப்பினர்கள் போட்ட வாக்கு. கட்சி பெயர் சொன்னால் போதும், தெருவில் இறங்க வேண்டியதில்லை. 1926இல் சென்னை மாகாணச் சட்டசபைத் தேர்தலில் நின்ற கமலாதேவி சட்டோபாத்யாய் சொற்ப வாக்கில் தோற்றார். முத்துலட்சுமி ரெட்டி அடுத்த ஆண்டு உள்ளே வந்தது நியமனத்தில். தேவதாசிகளுக்குக் கோயில் ஊழியம் செய்தால்தான் இனாம் நிலம் என்ற பிணைப்பை 1929இல் அறுத்த திருத்தம் அந்த ஒற்றை நாற்காலியிலிருந்து வந்தது.

பழைய கெஜட்:
நாற்காலியோடு கதை முடியவில்லையே. 1930இல் காந்தி கைதானதும் முத்துலட்சுமி பதவியை விட்டார். பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டுதலைத் தடுக்கும் சட்டம் 1947இல்தான் நிறைவேறியது. ஓர் இடம் மசோதா கொண்டுவரப் போதும், நிறைவேற்ற எண்ணிக்கை வேண்டும்.

குறிஞ்சி:
என் கட்சிக்கே வாதாடுகிறீர்கள்! எண்ணிக்கை வேறெப்படி வரும்?

பழைய கெஜட்:
1952இல் பெண்களுக்கென்று ஒதுக்கீடு இல்லாமலே அம்மு சுவாமிநாதன் திண்டுக்கல்லிலும் மரகதம் சந்திரசேகர் திருவள்ளூரிலும் வென்றார்கள். தடை வாக்காளரிடம் இல்லை, கட்சிகள் சீட்டுக் கொடுக்கும் இடத்தில். அதோடு 1974இல் பெண்கள் நிலை பற்றிய அரசுக் குழுவின் பெரும்பான்மைகூடச் சட்டமன்ற ஒதுக்கீட்டை ஏற்கவில்லை. குழுவில் இருந்த லோத்திகா சர்க்காரும் வீணா மஜும்தாரும் மாற்றுக் குறிப்பு எழுத வேண்டியிருந்தது. 1947ஐ மட்டும் கூண்டில் ஏற்றாதீர்கள்.

குறிஞ்சி:
1947க்காவது பிரிவினை என்ற காரணம் இருந்தது. 1974க்கு அதுவும் கிடையாது.