பிம் படிக்க இரண்டு வருட எம்.டெக் தேவையா? சைட்டில் இருப்பவர்கள் சொல்லுங்கள்

சர்ஜாபூர்_சைட்:
வணக்கம். திருச்சிப் பக்கம் பி.இ. சிவில் முடித்துவிட்டு பெங்களூரு சர்ஜாபூர் ரோட்டில் ஒரு அடுக்குமாடித் திட்டத்தில் சைட் என்ஜினீயராக இருக்கிறேன். கேட் நுழைவுத் தேர்வு மதிப்பெண் ஓரளவு வந்திருக்கிறது, கட்டுமான மேலாண்மையில் எம்.டெக் கிடைக்கும் போலிருக்கிறது, மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. பாடத்திட்டத்தைப் பார்த்தால் பிம் (கட்டடத்தின் தகவல்களோடு சேர்ந்த 3டி கணினி மாதிரி) என்று ஒரே ஒரு விருப்பப் பாடம்தான், இரண்டாம் வருட ஆய்வை வேண்டுமானால் அதிலேயே செய்துகொள்ளலாமாம். என் கணக்கு வேறு. மாதிரி போடும் ரெவிட், மாதிரிகளைச் சேர்த்துச் சோதிக்கும் நேவிஸ்வொர்க்ஸ் என்ற இரண்டு மென்பொருளையும் பி.டி.எம். லேஅவுட்டில் சனி, ஞாயிறு வகுப்புக்குப் போய் சில மாதத்தில் பிடித்துவிடலாம், மாணவர் உரிமத்தை ஆட்டோடெஸ்க் இலவசமாகவே தருகிறது, இதற்குப் போய் சம்பளத்தை விட்டுவிட்டு இரண்டு வருடம் ஹாஸ்டல் சாப்பாடு எதற்கு? மாற்றுக் கருத்து இருந்தால் காரணத்தோடு சொல்லுங்கள். 'டிகிரி இருந்தால் ஒரு மதிப்பு' என்ற பதில் வேண்டாம், அதை மாமா போன் செய்யும்போதெல்லாம் சொல்கிறார்.

டைனமோ_தம்பி:
கணக்கு சரிதான் ப்ரோ, போகாதீர்கள். நான் டிப்ளமோ. அவுட்டர் ரிங் ரோட்டில் ஒரு பிம் ஆபீஸ், அமெரிக்க மருத்துவமனைகளுக்கு ஏர் கண்டிஷன் டக்ட், குழாய்களுக்கு 3டி மாதிரி செய்கிறோம். இன்டர்வியூவில் ஒரு பிடிஎஃப் வரைபடத்தைக் கொடுத்து, லேப்டாப்பைக் கொடுத்து, 'மாதிரி போடு' என்றார்கள், அவ்வளவுதான். என்ன படித்தாய் என்று கேட்டது ஹெச்.ஆர். மட்டும், அதுவும் படிவத்தில் நிரப்ப. எங்களிடம் எம்.டெக் முடித்து வருகிறவர்கள் 4டி, 5டி, 6டி என்று பிம் நிலைகளை வரிசையாகச் சொல்வார்கள், ஆனால் தனக்கு லோக்கல் பிரதி எடுக்காமல் டீம் முழுக்கப் பகிரும் சென்ட்ரல் ஃபைலையே திறந்து உட்கார்ந்துகொள்வார்கள், அப்புறம் டீம் முழுக்க ஒத்திசைக்க முடியாமல் அவரைத் தேடிக்கொண்டிருக்கும். ரெவிட்டோடு வரும் டைனமோவில் நாலு ஸ்கிரிப்ட் எழுதத் தெரிந்தால் இந்த ஊரில் பிழைத்துக்கொள்ளலாம்.

அளவுநாடா:
தம்பி இரண்டு பேருக்கும் ஒரே பதில். முதலில் அந்த இலவச உரிமம், அது கல்விநிலையத்தில் சேர்ந்திருக்கும் மாணவருக்கு. சைட்டில் சம்பளம் வாங்கிக்கொண்டு அதில் வேலை செய்வது விதிமீறல், கம்பெனிக்கு நோட்டீஸ் வந்தால் உங்களைத்தான் பார்ப்பார்கள்.

இரண்டாவது, ரிங் ரோடு தம்பி சொல்வது வெறும் 3டி மாதிரி போடும் வேலையைப் பற்றி. கேள்வி கட்டுமான மேலாண்மையைப் பற்றி. நான் குவான்டிட்டி சர்வேயர், பில் என் கையெழுத்தில்தான் போகிறது, அதனால் எனக்குத் தெரிந்த இடத்திலிருந்தே சொல்கிறேன். ஒன்றரை மீட்டருக்கு 1.2 மீட்டர் ஜன்னல் ஒன்று என்று வையுங்கள், 1.8 சதுர மீட்டர். ரெவிட்டில் சுவரின் பரப்பை எடுத்தால் ஜன்னலை உள்ளேயும் வெளியேயும் கழித்துவிட்டு நிகரப் பரப்பைத் தரும், கணிதப்படி அது சரியும்கூட. ஆனால் நம் நாட்டில் பூச்சு வேலையை அளப்பது ஐ.எஸ். 1200 என்ற இந்தியத் தரத்தின்படி. அரை சதுர மீட்டர் வரையிலான திறப்புக்குக் கழிவே கிடையாது. அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரை ஒரு பக்கம் மட்டும் கழிப்போம், ஜன்னலின் ஓரப் பூச்சுக்குத் தனியாகக் காசு இல்லை. 3-க்கு மேல் போனால்தான் இரண்டு பக்கமும் கழித்து, ஓரங்களை அளந்து சேர்ப்போம். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய இதுதான் நடைமுறை. ஆக ஒரு ஜன்னலுக்கு 1.8 சதுர மீட்டர் வித்தியாசம், இருநூறு ஜன்னலுக்கு 360. மாதிரியிலிருந்து வந்த எண்ணை அப்படியே பில்லில் ஏற்றினால் பூச்சு காண்ட்ராக்டர் என் டேபிளில் வந்து உட்கார்ந்துகொள்வார், எழுந்து போகமாட்டார். பி.டி.எம். லேஅவுட்டில் இதை யார் சொல்லித் தரப்போகிறார்கள்?

டைனமோ_தம்பி:
அக்கா, இதை எம்.டெக்கில் மட்டும் சொல்லித் தருகிறார்களா? ஐ.எஸ். 1200 பி.இ. எஸ்டிமேஷன் பாடத்திலேயே இருக்கிறது. நீங்களும் இதை வகுப்பில் கற்றிருக்க மாட்டீர்கள், காண்ட்ராக்டர் வந்து உட்கார்ந்தபோதுதான் கற்றிருப்பீர்கள்.

அளவுநாடா:
விதியைக் கற்பது வேறு, அந்த விதிக்கு ஏற்றபடி மாதிரியை எப்படிக் கட்டவேண்டும் என்று வேலை தொடங்குவதற்கு முன்பே எழுதிக்கொடுப்பது வேறு. நான் பேசுவது இரண்டாவதைப் பற்றி. அதற்கு உட்கார்ந்து யோசிக்க நேரம் வேண்டும், சைட்டில் எனக்கு அந்த நேரம் கிடைத்ததில்லை.

கிண்டி_டு_ஹெப்பாள்:
அக்கா சொன்ன அந்த 'உட்கார்ந்து யோசிக்க நேரம்' எனக்குக் கிடைத்தது, அதனால் எழுதுகிறேன். கிண்டியில் எம்.இ., இப்போது ஹெப்பாள் பக்கம் ஒரு அலுவலக வளாகத்தில் பிளானிங். ஆய்வுக்கு 4டி எடுத்தேன், பிரைமவேரா மென்பொருளில் போட்ட வேலை அட்டவணையையும் ரெவிட் மாதிரியையும் நேவிஸ்வொர்க்ஸின் டைம்லைனர் கருவியில் இணைப்பது. ஒரு வாரத்தில் முடித்துவிட்டு மிச்ச நாள் ஊர் சுற்றலாம் என்றுதான் தொடங்கினேன். அட்டவணையில் 'மூன்றாம் தளம், ஸ்லாப், இரண்டாம் பகுதி கான்கிரீட்' என்று தனி வேலையாக இருக்கிறது. மாதிரியிலோ மூன்றாம் தள ஸ்லாப் முழுக்க ஒரே துண்டு, எதை எதோடு இணைப்பது? தூண்கள் இன்னும் மோசம், ஆர்க்கிடெக்ட் தரையிலிருந்து மொட்டைமாடி வரை ஒரே தூணாக இழுத்து வைத்திருந்தார், அவருக்கு அப்படித்தான் வசதி, ஆனால் எந்த மேஸ்திரியும் பத்து மாடித் தூணுக்கு ஒரே நாளில் சென்ட்ரிங் அடிப்பதில்லை. எல்லாவற்றையும் கான்கிரீட் போடும் பகுதிவாரியாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் அட்டவணையில் இருக்கும் அதே குறியீட்டைக் கொடுத்து, பீமும் ஸ்லாபும் சேரும் இடத்தில் கன அளவு இரண்டு முறை வருகிறதா என்று சரிபார்த்து... செமஸ்டர் அதிலேயே போய்விட்டது. ஆனால் வடிவமைக்கிறவனின் மாதிரியை வைத்துக்கொண்டு கட்டுகிறவனால் நேரடியாக ஒன்றும் செய்ய முடியாது என்பது அப்போதுதான் புரிந்தது. இன்று என் வேலையில் பாதி, இந்த வெட்டுதலை ஆரம்பத்திலேயே ஒப்பந்தத்தில் கேட்டு வாங்குவதுதான்.

மற்ற பாடங்கள்? பாதி பவர்பாயின்ட். சும்மா சொல்லக் கூடாது, ஒப்பந்தச் சட்டம் எடுத்தவர் நன்றாக எடுத்தார்.

மயூர்_விஹார்_மணி:
டெல்லியிலிருந்து. அரசுத் திட்டங்களைச் சுற்றி இருப்பதால் இதை மட்டும் சேர்க்கிறேன். நாக்பூர் மெட்ரோவில் 5டி பிம் என்றார்கள், அதாவது மாதிரியோடு அட்டவணையும் செலவும் சேர்ந்தது. இங்கே டெல்லி–மீரட் விரைவு ரயில் பாதையிலும் பிம், எல்லாரும் ஒரே இடத்தில் கோப்பு வைக்கும் பொதுத் தகவல் தளம் எல்லாம் உண்டு. இந்த மாதிரி இடங்களில் மாதிரி போடுகிறவர் பத்துப் பேர் கிடைப்பார்கள். எந்தக் கோப்பு வேலையில் இருக்கிறது, எது பகிரப்பட்டது, எது ஒப்புதல் பெற்று வெளியிடப்பட்டது, எதை ஆவணமாக ஒதுக்கிவைக்கலாம் என்ற ஒழுங்கை நடத்துகிறவர்தான் கிடைப்பதில்லை. பிம் தகவல் மேலாண்மைக்கான உலகத் தரமான ஐ.எஸ்.ஓ. 19650 முழுக்க இதைத்தான் பேசுகிறது, ரெவிட்டைப் பற்றி ஒரு வரி கிடையாது. 2018-இல் முதல் இரண்டு பகுதிகள் வந்தன, அடிப்படை பிரிட்டிஷ் தரங்கள். பிரிட்டனில் மத்திய அரசு தன் கட்டுமானத் திட்டங்களுக்கு பிம் கட்டாயம் என்று 2011-இல் அறிவித்து, 2016 ஏப்ரலில் அமலுக்குக் கொண்டுவந்தது, இடையில் ஐந்து வருடம் தயாரானார்கள். நம் ஊரில் டெண்டரில் ஒரு பத்தியை ஒட்டிவிட்டு மறுநாளே மாதிரி எங்கே என்று கேட்பார்கள்.

டைனமோ_தம்பி:
மணி சார், தாள் எல்லாம் சரி. மாதிரியை சைட்டில் யார் பார்க்கிறார்கள்? நாங்கள் எது எதோடு இடிக்கிறது என்று நேவிஸ்வொர்க்ஸில் மோதல் சோதனை ஓட்டினால் ஆயிரக்கணக்கில் வரும், ஒரே குழாய் ஒரே சுவரைத் தாண்டும் இடங்களையெல்லாம் குழுவாக்கி, குப்பையைத் தள்ளி, உருப்படியானதை மட்டும் பட்டியலிட்டு அனுப்புவோம். அங்கே ஃபோர்மேன் ஏ1 தாளில் அச்சடித்த வரைபடத்தைத்தான் மடித்துச் சட்டைப் பையில் வைத்திருப்பார்.

சர்ஜாபூர்_சைட்:
ஃபோர்மேன் மேல் பழி போடாதீர்கள் ப்ரோ, எங்கள் சைட்டில் நடந்ததைக் கேளுங்கள். அடித்தளத்தில் 150 மில்லிமீட்டர் கழிவுநீர்க் குழாய், நூற்றுக்கு ஒன்று சரிவு, 18 மீட்டர் ஓடுகிறது. அதாவது இந்த முனைக்கும் அந்த முனைக்கும் 180 மில்லிமீட்டர் இறக்கம். மாதிரியில் அது பீமுக்குள் ஸ்லீவ் (முன்பே விட்டுவைக்கும் துளை) வழியாக அழகாகப் போகிறது. ஆனால் அந்த மாதிரி இரண்டு திருத்தம் பழையது. கையில் இருந்த ஜி.எஃப்.சி. (கட்டுவதற்கு ஒப்புதலான) வரைபடத்தில் பீம் ஆழம் கூடியிருந்தது, ஸ்லீவ் குறிக்கப்படவே இல்லை, கான்கிரீட்டும் போட்டாயிற்று. பீமுக்குக் கீழே கொண்டுபோனால் கார் நிறுத்துமிடத்தில் தலை இடிக்கும். கோர் கட்டிங் போட்டுக் கான்கிரீட்டைத் துளைக்கலாம் என்றால் அது போஸ்ட் டென்ஷன் பீம், உள்ளே இழுத்துக் கட்டிய கேபிள் ஓடுகிறது, ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்ட் போனிலேயே கத்தினார். கடைசியில் குழாய் பாதையையே மாற்றி, வேறு பக்கம் ஒரு குழி கூடுதலாகக் கட்டினோம்.

இதில் என்னைக் குடைவது, அந்தக் குழிக்கு யார் பணம் கொடுப்பது என்று நடந்த கூட்டம். எம்.இ.பி. (மின்சாரம், குழாய், ஏ.சி. வேலை) காண்ட்ராக்டர் 'மாதிரிப்படிதான் ஆள் போட்டேன்' என்கிறார். கன்சல்டன்ட் 'மாதிரி வெறும் பார்வைக்கு, வரைபடம்தான் ஒப்பந்த ஆவணம் என்று எழுதியிருக்கிறதே' என்கிறார். இரண்டு பேர் சொல்வதும் சரியாகத்தான் பட்டது.

அளவுநாடா:
தம்பி, உங்கள் கேள்விக்கு நீங்களே பதில் எழுதிவிட்டீர்கள். இதில் ரெவிட் எங்கே வருகிறது? கான்கிரீட் போட எத்தனை நாளுக்கு முன் ஒருங்கிணைந்த மாதிரி ஒப்புதலாகி வரவேண்டும், வரைபடமும் மாதிரியும் முரண்பட்டால் எது செல்லும், திருத்தம் வந்தால் யார் யாருக்குச் சொல்ல வேண்டும், இதெல்லாம் பிம் செயலாக்கத் திட்டத்தில் இருந்து, அந்தத் திட்டம் ஒப்பந்தத்தோடு சேர்ந்திருக்க வேண்டும். பல இடங்களில் அந்தத் திட்டம் ஐம்பது பக்கம் இருக்கும், முந்தைய திட்டத்தின் பெயரைக்கூட மாற்றாமல் ஒட்டியிருப்பார்கள். அதை உருப்படியாக எழுத ஆள் இல்லை. முதுகலைப் படிப்புக்கு அர்த்தம் இருக்கிறதென்றால் அங்கேதான் இருக்கிறது.

டைனமோ_தம்பி:
அர்த்தம் இருக்கலாம், அது அந்தக் கல்லூரியில் இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி. ஒரு விருப்பப் பாடம், அதை எடுப்பவரே சைட்டில் மாதிரியைத் திறந்து பார்த்திருப்பாரா தெரியாது. உங்கள் ஜன்னல் கணக்கை அந்தப் பாடத்திட்டத்தில் காட்டுங்கள் அக்கா, நானே போய்ச் சேர்ந்துவிடுகிறேன்.

கிண்டி_டு_ஹெப்பாள்:
காட்ட முடியாது, ஒத்துக்கொள்கிறேன். பாடத்திட்டத்தில் இல்லை, ஆய்வில்தான் எனக்குக் கிடைத்தது, அதுவும் என் வழிகாட்டிக்கு ஒரு கட்டுமானக் கம்பெனியில் பழக்கம் இருந்து நிஜத் திட்டத்தின் மாதிரியும் அட்டவணையும் வாங்கித் தந்ததால். என் பெஞ்சில் இருந்த இன்னொருவர் இணையத்தில் கிடைத்த மாதிரி வீட்டை வைத்து அதே தலைப்பில் ஆய்வு முடித்தார், அவருக்கு ஒரு சிக்கலும் வரவில்லை, ஒன்றும் கற்கவும் இல்லை.

சர்ஜாபூர்_சைட்:
லண்டன் பக்கம் ஒரு வருட எம்.எஸ்ஸி. பிம் மேலாண்மை என்றே தனியாக இருக்கிறதே, அது?

மயூர்_விஹார்_மணி:
படிப்பு நல்ல படிப்புதான், அவர்களின் தரங்களை அவர்கள் ஊரிலேயே படிப்பீர்கள். ஆனால் கடன் வாங்கிப் போகிறீர்கள் என்றால் விசாவை முதலில் பாருங்கள், படித்து முடித்தபின் தங்கும் காலத்தை இரண்டு வருடத்திலிருந்து பதினெட்டு மாதமாகக் குறைக்கிறார்கள், 2027 ஜனவரியிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு. திரும்பி வந்தால் இங்கே அளவு ஐ.எஸ். 1200, அங்கே சொல்லித் தருவது வேறு முறை. கேட் மதிப்பெண் கையில் இருப்பவர் அங்கே ஏன் போகவேண்டும் என்று எனக்குப் புரியவில்லை.

சர்ஜாபூர்_சைட்:
சரி, இப்படிச் செய்கிறேன். துறைக்கு மின்னஞ்சல் போட்டு ஆய்வுக்கு நிஜத் திட்டத்தின் கோப்புகள் கிடைக்குமா, அல்லது இப்போதைய கம்பெனியிலிருந்து அனுமதி வாங்கி நானே கொண்டுவந்தால் ஏற்பார்களா என்று கேட்கிறேன். என் குழி விவகாரத்தையே தலைப்பாக வைத்தாலும் வைக்கலாம், கம்பெனி ஒப்புக்கொண்டால். இரண்டுக்கும் இல்லை என்று பதில் வந்தால் எம்.டெக் இல்லை, டைனமோ ப்ரோ கட்சிக்கு வந்துவிடுகிறேன்.

அளவுநாடா:
கேட்கும்போது பி.ஓ.க்யூ.வும் (வேலைகளின் அளவு, விலைப் பட்டியல்) வேண்டும் என்று சேர்த்துக் கேளுங்கள், விலையை மறைத்துக் கொடுத்தாலும் பரவாயில்லை. மாதிரியும் அட்டவணையும் மட்டும் கொடுத்தால் 4டியோடு நின்றுவிடும்.

டைனமோ_தம்பி:
வரட்டும் பதில். அதுவரை கை பழக வேண்டுமென்றால் சொல்லுங்கள் ப்ரோ, நானே பழக்கத்துக்காக வரைந்த ஒரு அடுக்குமாடி மாதிரி இருக்கிறது, ஆபீஸுக்குச் சம்பந்தமில்லாதது, பொது வடிவமான ஐ.எஃப்.சி. கோப்பாக ஏற்றி அனுப்புகிறேன், இலவச மென்பொருளிலேயே திறக்கும். தூணெல்லாம் ஒரே துண்டுதான், கிண்டி அண்ணா மன்னிக்கவும்.