சால்ஸ்பரி பிரபுவின் வம்சாவளி: பெயர்க் குழப்பம் தீர உதவுங்கள்

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். மூன்று முறை பிரிட்டனின் பிரதமராக இருந்த மூன்றாம் சால்ஸ்பரி பிரபுவின் (1830–1903) வாழ்க்கையைக் குறித்து ஒரு கட்டுரை எழுதி வருகிறேன். அவருடைய வம்சாவளியை வரையத் தொடங்கிய இடத்திலேயே சிக்கிக்கொண்டேன்.

பிறப்பில் லார்ட் ராபர்ட் செசில் என அழைக்கப்பட்டவர், 1865இல் அண்ணன் இறந்ததும் வாரிசுக்குரிய வைகவுண்ட் கிரான்போர்ன் என்ற பிரபுப் பட்டப்பெயரைப் பெற்று, 1868இல் தந்தை காலமானதும் அவருடைய சால்ஸ்பரி மார்க்குவிஸ் என்ற உயர் பிரபுப் பட்டத்தை ஏற்றார். இதனால் 1866இல் பிரிட்டிஷ் அரசில் இந்திய விவகாரங்களுக்கான அமைச்சராக இருந்த கிரான்போர்னும், 1874இல் அதே பதவிக்கு வந்து சென்னை மாகாணப் பஞ்சத்தின்போது லண்டனில் பொறுப்பிலிருந்த சால்ஸ்பரியும் ஒருவரே என்பது எனக்கே தாமதமாகத்தான் புரிந்தது. போதாக்குறைக்கு, 1937இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற அவருடைய மகனும் லார்ட் ராபர்ட் செசில்தான்!

நீதிபதியின் மகளான ஜார்ஜினா ஆல்டர்சனை 1857இல் தன் தந்தையின் எதிர்ப்பை மீறி மணந்து, பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதிச் சம்பாதித்துக் குடும்பம் நடத்தியவர் அவர். என்னை மிகவும் ஈர்த்த பகுதி இதுவே. 1902இல் அவருக்குப்பின் பிரதமரான ஆர்தர் பால்ஃபர் அவருடைய சகோதரி மகன் என்பதையும் வரைபடத்தில் காட்ட வேண்டும்.

எனக்குத் தேவைப்படுபவை இரண்டு. ஒரே மனிதரின் மூன்று பெயர்களையும் தமிழ் வாசகர் குழம்பாதபடி எப்படிக் குறிப்பது? 1876–78 பஞ்சக் காலத்துத் தமிழ் இதழ்களிலோ பாடல்களிலோ அவர் பெயர் எந்த எழுத்துக்கூட்டலில் வருகிறது? பார்த்தவர்கள் இதழின் பெயரையும் தேதியையும் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.