2020 பட்டமளிப்பில் சொரோரிட்டி சகோதரிகள்: கண்ணில் பட்டதைப் பகிருங்கள்

(சொரோரிட்டி என்பது அமெரிக்கக் கல்லூரிகளில் தொடங்கிய பெண்கள் சங்கம், கிரேக்க எழுத்துகளே அதன் பெயர். அந்தக் கொரோனா வருடத்தில் பட்டமளிப்பு விழாவோடு முகக்கவசம், உணவு, டயப்பர் விநியோகமும் செய்தார்கள்.)

மேரிலாந்து மீனா:

பட்டமளிப்புத் தொப்பியின் குஞ்சம் பக்கம் மாறிப்போனதுதான் இன்னும் உறுத்துகிறது. 2020 மே மாதம். அரங்கம் கிடையாது, மேடை கிடையாது, சொரோரிட்டியின் கிளையான சாப்டரே ஜூமில் விழா வைத்தது. தோளில் போடும் பட்டையான ஸ்டோல்கள் பத்து நாள் முன்பே தனித்தனி உறையில் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டன. பெயர் வாசிக்கும்போது அம்மாவோ பாட்டியோ அதைத் தோளில் போட்டுவிட வேண்டும். அதுவரை எல்லாம் பிசகில்லாமல் நடந்தது. பிறகு விழாவை நடத்தியவர், "என்னைப் பார்த்துச் செய்யுங்கள்" என்று பட்டம் பெற்றதற்கு அடையாளமாகத் தன் தொப்பிக் குஞ்சத்தை வலமிருந்து இடம் தள்ளிக் காட்டினார். பாதிப் பேர் இடமிருந்து வலம் தள்ளிவிட்டார்கள். எதிரே இருப்பவரின் வலது, பார்ப்பவருக்கு இடது. போதாக்குறைக்கு ஜூம் நம் முகத்தை மட்டும் நமக்குக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி காட்டும். அந்த நொடியில் திரையைப் படம் எடுத்தாகிவிட்டது. அவர்களில் ஒரு பெண் குடும்பத்திலேயே முதல் பட்டதாரி. குஞ்சம் தப்பான பக்கம் தொங்க, பாட்டி பின்னால் நின்று கண்ணைத் துடைக்கிற அந்தப் படம்தான் அவர்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது.

செய்து காட்டக் கூடாது, வாயால் சொல்ல வேண்டும். "குஞ்சம் உங்கள் வலது காதுப் பக்கம் இருக்கிறதா? இப்போது இடது காதுப் பக்கம் தள்ளுங்கள்." முதுநிலை முடிப்பவர்களுக்குப் பல கல்லூரிகளில் தொடக்கத்திலிருந்தே இடப்பக்கம்தான், அவர்களுக்கு முன்கூட்டியே தனியாகச் சொல்லிவிட வேண்டும். கேலரி பார்வையில் ஒரு திரைக்கு 25 முகங்கள்தான் வரும். 49 வேண்டுமென்றால் அமைப்புகளில் மாற்ற வேண்டும். பழைய மடிக்கணினியில் அந்தத் தெரிவே வேலை செய்யாது. படத்தை இரண்டு மூன்று முறை எடுங்கள்.

தையல் தேவகி:

கருஞ்சிவப்பும் பாலாடை வெள்ளையும் டெல்டா சிக்மா தீட்டா என்ற கறுப்பினச் சொரோரிட்டியின் நிறங்கள். அதன் உறுப்பினர்கள் முகக்கவசத்திலும் அதே நிறம் வேண்டும் என்று வெளியே சிவப்பு, உள்ளே வெள்ளை வைத்துத் தைத்தார்கள். ஒரு தோய்ப்பில் உள்துணி முழுக்க ரோஸ் ஆகிவிட்டது. சிவப்புத் துணியை வெட்டுவதற்கு முன்பே வெந்நீரில் தனியாக இரண்டு முறை அலச வேண்டும்.

2020 ஏப்ரல் 3ஆம் தேதி துணிக்கவசம் போடச் சொன்ன அமெரிக்க நோய்த் தடுப்பு மையமான சிடிசி, அளவும் கொடுத்தது. 10க்கு 6 அங்குலத்தில் நெருக்கமாக நெய்த பருத்தித் துணி இரண்டு. நீளப் பக்கங்களைக் கால் அங்குலம் மடித்து அடிக்க வேண்டும். குட்டைப் பக்கங்களை அரை அங்குலம் மடித்து அடித்தால் எலாஸ்டிக் போக வழி கிடைக்கும். எலாஸ்டிக் 6 அங்குலத்தில் இரண்டு, அகலம் எட்டில் ஒரு பங்கு அங்குலம். 44 அங்குல அகலத் துணியில் ஒரு கெஜத்துக்கு 12 கவசம் என்று காகிதத்தில் கணக்கு வரும். துணி சுருங்கி 36 அங்குலத்துக்குக் கொஞ்சம் கீழே இறங்கினாலே ஒரு வரிசை போச்சு, பத்துதான் தேறும். துணி வாங்கும்போதே இதை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

உறுத்துவது வேறொன்று. ஒரு முதியோர் குடியிருப்பு வாசலில் கவசம் கொடுத்தார்கள். ஒரு பெரியவர் போட்டுப் பார்த்துவிட்டுக் கழற்றினார். எலாஸ்டிக் காது மிஷினில் மாட்டி, அது தெறித்து வண்டிகளுக்கு அடியில் போய் விழுந்தது. பச்சையும் இளஞ்சிவப்பும் போட்ட ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா பெண்கள், சிவப்புப் போட்ட டெல்டா பெண்கள், இரண்டு சொரோரிட்டிக்காரர்களும் தார் தரையில் முட்டிபோட்டுத் தேடினார்கள். பெரியவருக்கு ஒன்றும் கேட்கவில்லை, "என்ன தேடுறீங்க?" என்று அவரும் கூடவே குனிந்தார்.

காது மிஷின் போடுபவர்களுக்குக் காதில் மாட்டுகிற கவசமே கூடாது. பழைய டி-ஷர்ட்டைக் குறுக்கே ஒரு அங்குலப் பட்டையாக வெட்டி இழுத்தால் தானாகச் சுருண்டு கயிறாகும். 40 அங்குலக் கயிறு ஒன்றை ஒரு பக்க வழியில் கீழிருந்து மேலே ஏற்றி, மறுபக்கம் மேலிருந்து கீழே இறக்குங்கள். மேலே வரும் வளையம் உச்சந்தலைக்கு, கீழே இரண்டு நுனியும் பின்கழுத்தில் முடிச்சுக்கு. எலாஸ்டிக் எங்குமே கிடைக்காத அந்த ஏப்ரலில் இது எல்லோருக்குமே உதவியிருக்கும்.

ராலே ரகு:

மீனா, குஞ்சத்தைவிடப் பெரிய பிழை ஒரு சொரோரிட்டியின் உணவு விநியோக வரிசையில் நடந்தது. கல்லூரிப் பிள்ளைகள், ஆர்வமாகத்தான் செய்தார்கள். வண்டியிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும், பின்பெட்டி திறந்தபடி வர வேண்டும், பெட்டியை வைத்ததும் நகர வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒரு அம்மாள் குழந்தைத் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு இரண்டு கார்களுக்கு நடுவே வரிசையில் நின்றார், கார் நகர நகர அவரும் நகர்ந்தார். முன்னால் வந்ததும், "நடந்து வருபவர்களுக்கு இங்கே கொடுக்க முடியாது" என்றார்கள். கார்களுக்கு நடுவே ஆள் நடப்பது ஆபத்து, அது சரி. அதற்காகத் திருப்பி அனுப்புவதா? தள்ளுவண்டியில் குழந்தைகூட இல்லை, பெட்டியை வைக்கத்தான் கொண்டுவந்திருந்தார்.

நடந்து வருவோருக்குத் தனி வாசல், ஒரு மேசை, தரையில் ஆறடிக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு. 25 பவுண்டு பெட்டியைத் தூக்கிக்கொண்டு யாரும் பேருந்து ஏற முடியாது. இரண்டு பையாகப் பிரித்து, கண்ணாடிப் பாட்டிலை எடுத்துவிட்டு, டப்பாக்கள் மூடியை இழுத்துத் திறக்கும் வகையாக இருக்கட்டும். உறைந்த கோழி வியர்த்து அட்டைப்பெட்டியின் அடி கழன்றுவிடும், அதைப் பிளாஸ்டிக் பையில் போட்டே வையுங்கள். பாலும் இறைச்சியும் 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் இரண்டு மணி நேரம்தான் தாங்கும், வெயில் 90ஐத் தாண்டினால் ஒரு மணி நேரம். வண்டியில் வருபவரிடம் "எத்தனை பேர்?" என்று கேட்காதீர்கள், "எத்தனை வீட்டுக்கு?" என்று கேளுங்கள். பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து வாங்க வந்தவர்கள் அப்போது நிறைய.

ஹூஸ்டன் ஹேமா:

ரகு, "கல்லூரிப் பிள்ளைகள்" என்று முடித்துவிட்டீர்கள். கறுப்பினச் சொரோரிட்டிகளில் பட்டத்தோடு எதுவும் முடிவதில்லை. பட்டதாரிகளுக்கென்றே தனிச் சாப்டர் உண்டு, அறுபது எழுபது வயதிலும் சந்தா கட்டி வேலை செய்வார்கள். பெட்டி தூக்கியவர்களில் பாதிப் பேர் ஆசிரியைகள், நர்ஸுகள். கமலா ஹாரிஸ் 1986இல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் படிப்பை முடித்தவர், அங்கே ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவில் சேர்ந்தவர், 2020 ஆகஸ்டில் துணை அதிபர் வேட்பாளராக அறிவித்ததும் 19 டாலர் 8 சென்ட் என்று நன்கொடைகள் குவிந்தன. அந்தத் தொகை ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா தொடங்கிய 1908ஆம் ஆண்டைக் குறிக்கும். முப்பது நாற்பது வருடம் கழித்தும் விடாத கட்டு அது.

ஜூமைப் பற்றி ஒன்று. இலவசக் கணக்கில் கூட்டம் 40 நிமிடத்தில் அறுந்துவிடும். ஒரு விழாவில் கடைசிப் பெயரின் முதல் பாதியோடு திரை இருண்டது.

ஒரு மாதத்துக்காவது பணம் கட்டிய கணக்கு எடுங்கள். இணைப்பை இன்ஸ்டாகிராமில் பொதுவாகப் போடாதீர்கள். கறுப்பினக் கூட்டங்களைத் தேடித் தேடி நுழைந்து இனவெறி வார்த்தைகளை எழுதிவிட்டுப் போனவர்கள் அந்த வருடம் ஏராளம். கடவுச்சொல், காத்திருப்பு அறை இரண்டும் வேண்டும். திரைப் பகிர்வு நடத்துபவருக்கு மட்டும். திரையில் கிறுக்கும் வசதியை மூடுங்கள். உள்ளே விட ஒருவர், பெயர் வாசிக்க ஒருவர், ஒலியைக் கவனிக்க ஒருவர், மூன்று பேராவது வேண்டும். பெயர்களின் உச்சரிப்பை அந்தந்தப் பெண்ணிடமே குரல்பதிவாக முன்கூட்டியே வாங்கி வையுங்கள். சொரோரிட்டிப் பாடலை எல்லோரும் சேர்ந்து பாட முடியாது, ஒவ்வொரு குரலும் ஒவ்வொரு தாமதத்தில் வந்து சேரும். ஒருவர் பாடட்டும், மற்றவர்கள் ஒலியை அணைத்துவிட்டு வாயசைக்கட்டும். பாடுபவர் "ஒரிஜினல் சவுண்ட்" போடாவிட்டால் நீட்டிப் பாடும் இடத்தை ஜூம் இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடும்.

சிகாகோ சித்ரா:

இன்னொரு கறுப்பினச் சொரோரிட்டியான ஸீட்டா ஃபை பீட்டாவுக்கு 2020 ஜனவரி 16இல் நூறு வயது. இரண்டு மாதத்தில் ஊரடங்கு. கர்ப்பிணிகளுக்கான அவர்களுடைய ஸ்டார்க்ஸ் நெஸ்ட் திட்டம், தாய் சேய் நல அமைப்பான மார்ச் ஆஃப் டைம்ஸோடு சேர்ந்து 1970களிலிருந்து நடப்பது. அந்த மாதிரி ஒரு விநியோகத்தில் ஒன்றரை வயதுப் பிள்ளையின் அம்மாவுக்கு முதல் அளவு டயப்பர் கிடைத்தது. "பரவாயில்லை, தங்கச்சி பிள்ளைக்கு ஆகும்" என்று வாங்கிக்கொண்டார். அந்தப் பரவாயில்லைதான் தாங்கவில்லை. நன்கொடை தருபவர்கள் சின்ன அளவையே வாங்குவார்கள், பார்க்க அழகு. குழந்தை அதைச் சீக்கிரமே தாண்டிவிடும். தட்டுப்பாடு 4ஆம், 5ஆம் அளவுக்குத்தான். வயதைக் கேட்காமல் எடையைக் கேளுங்கள். அரசு உணவு உதவி அட்டையில் டயப்பர் வாங்க முடியாது, தாய் சேய் சத்துணவுத் திட்டமான டபிள்யூஐசியிலும் கிடையாது, அதனால்தான் அந்த வரிசை அவ்வளவு நீளம்.

மீனா, அந்தப் படத்தைக் கணினியில் இடவலமாகத் திருப்பிவிட்டால் குஞ்சம் சரியாகிவிடுமே?

மேரிலாந்து மீனா:

சித்ரா, ஸ்டோலில் எழுத்து இருக்கிறதே. ஆல்ஃபா, டெல்டா, தீட்டா, ஃபை, ஒமேகா என்றால் திருப்பினாலும் அப்படியே இருக்கும். கப்பா, சிக்மா, காமா, ரோ எல்லாம் பின்பக்கமாகிவிடும். அந்தப் பெண்ணின் ஸ்டோலில் சிக்மா இருக்கிறது. இன்னொரு தோளில் 2020 என்றும் தைத்திருக்கிறது.