ஊரில் இருந்த வங்கிக் கிளையை எடுத்துவிட்டார்கள். திரும்பக் கேட்க வழி உண்டா?

மிளகாய்க்காட்டுக்காரி எழுதியது:

வணக்கம். முதுகுளத்தூர் பக்கம் எங்கள் ஊராட்சி. மானாவாரி நெல், குண்டு மிளகாய், கரிமூட்டம், ஆடு இவைதான் பிழைப்பு. நான் மகளிர் சுயஉதவிக் குழு ஒன்றின் தலைவி.

2020இல் பொதுத்துறை வங்கிகளை இணைத்த பிறகு, எங்கள் ஊர்க் கிளையை டவுன் கிளையோடு சேர்த்துவிட்டார்கள். கிளை இருந்த கட்டடத்தில் இப்போது உரக்கடை நடக்கிறது. டவுனுக்குப் போகப் பெண்களுக்கு டிக்கெட் இல்லைதான். ஆனால் காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ். கால்மணி நேர வேலைக்கு ஒரு நாள் கூலி போய்விடுகிறது.

கிளைக்குப் பதிலாக மளிகைக் கடை ஒன்றில் கைரேகை மெஷின் வைத்திருக்கிறார்கள். சிக்னல் இருந்து, கடைக்காரர் கையில் பணமும் இருந்து, ரேகையும் விழுந்தால் பணம் கிடைக்கும். கரிமூட்டம் போடுகிறவர்களுக்கும் நூறு நாள் வேலையில் மண் வெட்டுகிறவர்களுக்கும் விரலில் ரேகையே தேய்ந்துபோயிருக்கிறது. முதியோர் உதவித்தொகை வாங்கும் பாட்டிமார் விரலைத் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறார்கள். பணம் வந்தாலும் ஆயிரத்துக்கு இருபது ரூபாய் பிடித்துக்கொள்கிறார்.

பணம் எடுப்பதோடு வங்கியின் வேலை முடிந்துவிடுகிறதா? விதைப்பு நேரத்தில் நகையை வைத்துப் பணம் வாங்க எங்களுக்கு இருந்த ஒரே நேர்மையான இடம் அந்தக் கிளைதான். இப்போது டவுனுக்குப் போக முடியாதவர்கள் தனியார் அடகுக் கடைக்குப் போகிறார்கள். அங்கே வட்டி கட்டி மீளாமல் எத்தனை தாலிக்கொடி மூழ்கிப்போனது என்று எங்கள் தெருவில் கேட்டால் சொல்வார்கள். கணவர் இறந்துபோன ஒரு பெண், அவர் கணக்கில் கிடந்த தொகையை வாங்க இறப்புச் சான்றிதழோடு இன்னும் அலைகிறாள். மளிகைக் கடை மெஷினிடம் இதையெல்லாம் யார் போய்ச் சொல்வது?

கிளையைத் திரும்பக் கேட்க முடியுமா? எந்த விதியைச் சொல்லி, யாரிடம் கேட்பது? அது நடக்காது என்றால், வாரத்தில் இரண்டு நாளாவது வங்கி ஊழியர் ஒருவர் ஊரில் வந்து உட்கார வழி உண்டா? செல்போனில் பணம் அனுப்பப் பழகுங்கள் என்று தயவுசெய்து யாரும் எழுத வேண்டாம். எங்கள் குழுவில் பாதிப் பேரிடம் இருப்பது பட்டன் போன்.

பழைய மேலாளர் (திண்டுக்கல்) எழுதியது:

அம்மா, கிராமக் கிளைகளிலேயே பெரும்பாலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வழி இருக்கிறது. ஆனால் சரியான இடத்தில் தட்ட வேண்டும்.

ஒரு கிராமக் கிளையை மூடுவதால் அந்த ஊர் வங்கியில்லாத ஊராகிவிடும் என்றால், மாவட்ட ஆலோசனைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் மூடக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்தக் குழுவுக்குத் தலைவர் மாவட்ட ஆட்சியர். கூட்டத்தை நடத்துபவர், மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளர். ரிசர்வ் வங்கியின் அதிகாரியும் நபார்டு (வேளாண், ஊரக வளர்ச்சி வங்கி) அதிகாரியும் அதில் இருப்பார்கள். உங்கள் மனு டவுன் கிளை மேலாளருக்குப் போனால் கோப்பில் தூங்கும். முன்னோடி வங்கி மேலாளருக்கு எழுதி, நகலை ஆட்சியருக்கு அனுப்புங்கள்.

இனி முக்கியமான விஷயம். “அந்த ஊரில்தான் மெஷின் வைத்திருக்கும் எங்கள் முகவர் இருக்கிறாரே, வங்கியில்லாத ஊர் எப்படி ஆகும்?” என்று வங்கி பதில் சொல்லும். 2017 மே மாதம் ரிசர்வ் வங்கி விதியை மாற்றியபோது, முகவர் நடத்தும் நிலையான இடத்தையும் வங்கிச் சேவை மையமாகக் கணக்கில் எடுக்கலாம் என்றது. ஆனால் அதற்கு நிபந்தனை உண்டு. நாளுக்குக் குறைந்தது நான்கு மணி நேரம், வாரத்தில் குறைந்தது ஐந்து நாள் அது இயங்க வேண்டும். வங்கியின் பெயரும், புகார் சொல்ல வேண்டிய அதிகாரியின் விவரமும் பலகையில் இருக்க வேண்டும். வங்கி அதை நேரிலும் வந்து கண்காணிக்க வேண்டும். உங்கள் மளிகைக் கடையில் இவை நடக்கின்றனவா? ஒரு மாதம் குறிப்பேட்டில் எழுதுங்கள்: எந்த நாள் திறந்தது, எத்தனை மணி வரை, யாருக்கு ரேகை விழவில்லை, யாரைப் பணம் இல்லை என்று திருப்பி அனுப்பினார். நிபந்தனை நிறைவேறவில்லை என்று காட்டிவிட்டால் வங்கியின் பதில் நிற்காது. ‘மக்கள் சிரமப்படுகிறார்கள்’ என்ற வரியோடு வரும் மனுக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தேதியோடு வரும் மனுவைத்தான் கூட்டத்தில் எடுத்துப் பேசுவார்கள்.

கிராம சபையில் தீர்மானம் போட்டு இணைத்தால் இன்னும் பலம். நகைக்கடன், குழுக்கடன், இறந்தவர் கணக்கு இவற்றுக்காக வாரத்தில் இரண்டு நாள் வங்கி அலுவலர் வர வேண்டும் என்பதைத் தனிக் கோரிக்கையாகவே வையுங்கள். கிளையைக் கேட்கும் கோரிக்கையோடு கலக்காதீர்கள். ஒன்றை மறுப்பதற்கு இன்னொன்றைக் காரணம் காட்டுவார்கள்.

70 வயது தாண்டியவர்களுக்கும் நடக்க முடியாதவர்களுக்கும் வீட்டுக்கே சென்று சேவை செய்ய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 நவம்பரிலேயே சொல்லியிருக்கிறது. பாட்டிமார் பெயர்ப் பட்டியலோடு அதையும் கேளுங்கள்.

வங்கி மித்ரா (செங்கம்) எழுதியது:

அக்கா, நான் எங்கள் ஊரில் அந்த மெஷினை வைத்திருப்பவள். ஆயிரத்துக்கு இருபது பிடிப்பது தப்பு. அதற்கு ரசீது கேளுங்கள், வங்கியிடம் புகார் கொடுங்கள். ஆனால் கடைக்காரரிடம் ஏன் பணம் இருப்பதில்லை என்பதையும் உங்கள் மனுவில் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நாங்கள் கொடுக்கும் ரொக்கம் எங்கள் சொந்தப் பணம். மெஷினில் ரேகை விழுந்ததும் அந்தத் தொகை எங்கள் கணக்குக்கு வரும். அதை ரொக்கமாக்க நாங்களும் டவுன் கிளைக்குத்தான் போக வேண்டும். நூறு நாள் கூலியும் உரிமைத் தொகையும் ஒரே வாரத்தில் ஏறினால், முற்பகலுக்குள் என் பெட்டி காலியாகிவிடும். அவ்வளவு பணத்தோடு தனியாகப் பஸ்ஸில் வருவது எனக்குப் பயமாக இருக்கிறது. கமிஷனோ சொற்பம். கிளையிலிருந்து ஊருக்குப் பணம் கொண்டுவந்து தரும் ஏற்பாட்டை வங்கி செய்யாதவரை, எத்தனை மெஷின் வைத்தாலும் ஊருக்குப் பணம் வராது.

ரேகை விழாதவர்களுக்கு: பத்து விரலையும் வைத்துப் பாருங்கள், எது நன்றாக விழுகிறதோ அதை நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆதார் மையத்தில் ரேகையைப் புதிதாகப் பதிவு செய்தால் சிலருக்குச் சரியாகிறது. கணக்கில் பணம் கழிந்து கைக்கு வராவிட்டால், ஐந்து நாளுக்குள் திரும்ப வர வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் தர வேண்டும் என்று 2019இல் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. நான் இதைக் கடைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

கிளை அஞ்சலகம் எழுதியது:

உங்கள் ஊரில் கிளை அஞ்சலகம் இருக்கிறதா? இருந்தால் எந்த வங்கிக் கணக்கிலிருந்தும் ஆதார் வழியாக அங்கே பணம் எடுக்கலாம். ஒரு முறைக்கு 10,000 ரூபாய் வரை. தபால்காரர் வீட்டுக்கும் வருவார். எங்களுக்கும் ரொக்கம் மேல் அஞ்சலகமான கணக்கு அலுவலகத்திலிருந்து வர வேண்டியிருப்பதால் முதல் நாளே சொல்லிவைப்பது நல்லது. நகைக்கடனுக்குப் பக்கத்தில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் இருந்தால் அங்கே விசாரியுங்கள். அடகுக் கடைக்கு அது எவ்வளவோ மேல்.

மிளகாய்க்காட்டுக்காரி எழுதியது:

ஐயா, தங்கச்சி, தபால் அண்ணன் மூவருக்கும் நன்றி. கூட்டுறவுச் சங்கம் பக்கத்து ஊராட்சியில் இருக்கிறது. நகைக்கடன் தருகிறார்கள், ஆனால் எங்கள் ஊர்க்காரர்கள் பலர் அங்கே உறுப்பினர் இல்லை. இந்த மாதக் குழுக் கூட்டத்திலேயே உறுப்பினர் படிவம் நிரப்பச் சொல்லப் போகிறேன்.

கடையில் பலகை இல்லை. போய்ப் பார்த்துவிட்டேன். திறக்கும் நேரத்தை எழுத எதிர்வீட்டுக் கல்லூரிப் பெண் ஒப்புக்கொண்டாள். தங்கச்சி சொன்ன ரொக்கப் பிரச்சினையை மனுவின் முதல் கோரிக்கையாகவே வைக்கிறேன். கடைக்காரரும் கையெழுத்துப் போடுகிறேன் என்கிறார்.

ஐயா, ஒரு சந்தேகம். கிளையை மூடியபோது மாவட்டக் குழு ஒப்புதல் கொடுத்ததா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாமா? கேட்கலாம் என்றால் மனுவை வங்கிக்கு அனுப்புவதா, ஆட்சியர் அலுவலகத்துக்கா?

பழைய மேலாளர் (திண்டுக்கல்) எழுதியது:

இரண்டு இடத்துக்கும் தனித்தனியாக அனுப்புங்கள் அம்மா. பொதுத்துறை வங்கியும் அந்தச் சட்டத்துக்குள் வருகிறது. ஒப்புதல் கொடுத்த கூட்டத்தின் தேதியையும் கூட்டக் குறிப்பின் நகலையும் கேளுங்கள். முப்பது நாளுக்குள் பதில் வர வேண்டும். வந்ததும் இங்கே பதிவிடுங்கள், அடுத்த மனுவை நானே எழுதித் தருகிறேன்.