திருப்பூர் ஜாப் ஒர்க் கணக்குகள் தேவை: சாயத்தில் ஆகும் தாமதம் தையலை எவ்வளவு பாதிக்கிறது?

வணக்கம். நான் பொருளாதார ஆய்வு மாணவன். ஒரு தொழிலில் ஏறுகிற, இறங்குகிற உற்பத்தித்திறன் அடுத்த தொழிலுக்கு எப்படிப் பரவுகிறது என்று திருப்பூரை வைத்துப் பார்க்கிறேன்.

பனியன் துணி நூற்பாலை, நிட்டிங், சாயம், காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காதபடி அழுத்திச் சீராக்குவது), கட்டிங், தையல் என்று கைமாறிப் போகிறது. பல இடங்களில் ஒவ்வொன்றும் வேறு வேறு ஆளின் யூனிட்; அடுத்தவர் துணிக்குக் கூலிக்கு வேலை செய்து கொடுப்பதுதான் ஜாப் ஒர்க். சாயத்தில் ஒரு லாட்டுக்கு (ஒன்றாகச் சாயமேற்றும் துணித் தொகுதிக்கு) ஷேடு மாறிவிட்டால் துணி திரும்பிப் போகும்; அதுவரை தையல் லைன் சும்மா நிற்கும். அதே மெஷின், அதே டெய்லர்கள், ஆனால் ஷிஃப்டுக்கு வரும் பீஸ் குறைவு. கணக்கில் இது தையலின் குறையாகத்தான் விழுகிறது. எனக்கு உறுத்துவது இதுதான்.

2011 ஜனவரியில் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது இந்தப் பிணைப்பின் இறுக்கத்தை ஊரே பார்த்தது. ஆற்றுக்கு அந்த உத்தரவு தேவைதான் என்பது என் எண்ணம்.

எந்தத் தொழில் எந்தத் தொழிலிடம் எவ்வளவு வாங்குகிறது என்று காட்டும், பொருளாதார அறிஞர் லியோன்டிஃப் உருவாக்கிய முறையிலான உள்ளீடு-வெளியீடு அட்டவணை தேசிய அளவில் இருக்கிறது. அதில் திருப்பூர் தனியாகத் தெரியாது. வருடாந்திரத் தொழில் ஆய்விலோ பத்துப் பேருக்கும் குறைவான யூனிட்டுகள் பெரும்பாலும் வருவதில்லை.

2010 முதல் 2013 வரை சாய ஜாப் ஒர்க் ரேட், டெலிவரிக்கு ஆன நாட்கள், மறுசாயம் போன லாட்டுகள், இவை பழைய பில், டிசி (டெலிவரி சலான்) புத்தகங்களில் யாரிடமாவது இருக்கிறதா? கம்பெனிப் பெயரை மறைத்து அனுப்பினால் போதும். அப்போது புரொடக்‌ஷன் பார்த்தவர்கள் பேச முன்வந்தாலும் பெரிய உதவி.