அண்டை மாநில ஒத்துழைப்புக்குக் கிருஷ்ணா நீர் நல்ல சான்றா?

உட்லண்ட்ஸ்வாசி:
உயர்நிலை மாணவர்களுக்கான விவாதத் தலைப்பு, ‘அண்டை மாநிலங்கள் கூடிச் செயல்பட முடியும்’. எதிரணி காவிரியில்தான் தொடங்கும். சென்னைக்கு வரும் கிருஷ்ணா நீரை நம் பக்கம் வைக்கலாமா? எவ்வளவு, யார் தருகிறார்கள், எங்கே இடறுகிறது?

கால்வாய்க்கரை:
தாராளமாக வைக்கலாம். 1976இல் மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் தங்கள் பங்கிலிருந்து தலா 5 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி) விட்டுத்தர ஒப்புக்கொண்டன. குடிநீருக்காகச் செய்த விட்டுக்கொடுப்பு இது. மாணவர்கள் இதை அழுத்திச் சொல்லட்டும். வழியில் ஆவியாவது, கசிவது என 3 போக, தமிழக எல்லைக்கு 12 வர வேண்டும்: ஜூலை முதல் அக்டோபர் வரை 8, ஜனவரி முதல் ஏப்ரல் வரை 4. அடுத்த ஒப்பந்தம் 1983இல். முதல் நீர் வந்தது 1996இல்தான்.

நீர் வரும் வழி: கிருஷ்ணாவின் ஸ்ரீசைலம் அணையில் போத்திரெட்டிபாடு மதகு வழியாக ஆந்திரத்தின் சோமசிலா நீர்த்தேக்கம், பிறகு கண்டலேறு நீர்த்தேக்கம். அங்கிருந்து 152 கி.மீ. கால்வாய், ஊத்துக்கோட்டை அருகே தமிழக எல்லையிலுள்ள ‘ஜீரோ பாயிண்ட்’ வரை. சென்னைக்கு நீர் தரும் பூண்டி ஏரி இன்னும் 25 கி.மீ.

இடறுவது இந்த நெடுவழியில்தான். ஸ்ரீசைலத்தின் முழு மட்டம் 885 அடி. அது மிகவும் இறங்கிவிட்டால் மதகில் நீர் ஏறாது. ஏறி வந்தாலும் கரை உடையும், வழியோர வயல்களுக்கு மோட்டார் வைத்து இறைப்பார்கள். 12 முழுதாக வரும் ஆண்டு அரிது.

உட்லண்ட்ஸ்வாசி:
மிக்க நன்றி. “ஒப்பந்தம் இருந்தும் நீர் வரவில்லையே” என்று மடக்கினால்?

லிங்கியு:
மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தைக் காட்டுங்கள். 1962 ஒப்பந்தப்படி ஜொகூர் ஆற்றிலிருந்து நாளுக்கு 250 மில்லியன் கேலன் வரை, 2061 வரை, சிங்கப்பூர் எடுக்கலாம். 1990இல் ஜொகூர் மாநில அரசோடு இன்னோர் ஒப்பந்தம். அதன்படி எழுந்ததுதான் லிங்கியு அணை. ஆற்றில் வரத்து குறைந்தால் கடலின் உப்பு மேலேறி, நீரெடுக்க முடியாமல் போகும். அணையிலிருந்து நீர் விட்டு உப்பைத் தள்ளுகிறார்கள். அந்த அணையையும் சுத்திகரிப்பு ஆலையையும் இயக்குவது சிங்கப்பூரின் நீர் வாரியமான பியுபி. கண்டலேறு மதகோ ஆந்திரத்தின் கையில். வேறுபாடு அங்கேதான். ஆனால் வறட்சி யாரையும் விடாது: 2016 அக்டோபரில் லிங்கியு 20 விழுக்காட்டுக்கு இறங்கியது.

கால்வாய்க்கரை:
அளவை ஒப்பிட்டால் நடுவர் மனத்தில் பதியும். 12 டிஎம்சி ஆண்டுக்கு ஏறத்தாழ 34 கோடி கன மீட்டர், அதாவது நாளுக்குச் சுமார் 205 மில்லியன் கேலன். இங்கே கேலன் என்பது 4.546 லிட்டர். அமெரிக்கக் கேலனில் கணக்கிட்டால் விடை பிசகும்.