கருங்கல்லில் தாமரை செதுக்க உதவி வேண்டும்

வணக்கம் உறவுகளே, கிளிநொச்சியிலிருந்து எழுதுகிறேன். அம்மம்மா உடுப்புத் தோய்த்த கருங்கல், 2009 இடப்பெயர்வுக்குப் பிறகும் கிணற்றடியிலேயே கிடந்தது. ஆட்டைத் திவசத்துக்கு முன் அதில் அவருடைய பெயரையும் ஒரு தாமரையையும் கையடக்கச் சுழல் கருவியால் செதுக்க விரும்புகிறேன்.

இரும்பு முனை வழுக்கியதால் வைர முனைக்கு மாறினேன். நேர்கோடு நன்றாக வருகிறது. இதழின் வளைவில்தான் முனை துள்ளி, ஓரம் அரிசிக் குறுணையளவு பெயர்கிறது. நிமிடத்துக்கு 30,000 சுற்றில் ஓட்டுகிறேன், குறைக்க வேண்டுமா? உருண்டை முனை நல்லதா, கூம்பு முனையா?

கல் தூசியிலுள்ள சிலிக்கா நுரையீரலைக் கெடுக்கும் என்பதால் முகக்கவசம் அணிந்து, கல்லை ஈரமாக வைத்தே செதுக்குகிறேன். ஆனால் மின்சாரக் கருவிக்குள் தண்ணீர் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் கல்வேலை தெரிந்தவர்கள் இருந்தால் நேரில் வந்து பழகவும் ஆயத்தமாக இருக்கிறேன்.